பெரிய வெள்ளி அன்று ஓடிய இயந்திரம்

1986ஆம் ஆண்டு விபூதிப் புதனன்று குருசுமுத்து பேசாலையை விட்டுப் புறப்பட்டார். காலைப் பூசையில் குருவானவர் நெற்றியில் பூசிவிட்ட சாம்பலைத் துடைக்காமலே மன்னார் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து கொழும்புக்குப் போனார். தபசு காலம் தொடங்கும் நாளில் யாராவது பயணம் வைப்பார்களா என்று என் அம்மா பின்னொரு நாள் கேட்டார். ஏஜென்சிக்காரன் சொன்ன நாள்தான் நல்ல நாள் என்று இவர் பதில் சொன்னாராம். குருசுமுத்து வாய் திறந்து சொன்ன புத்தியுள்ள வார்த்தை அது ஒன்றுதான் என்பது என் கணிப்பு.

கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. மனைவி மேரிகிறேஸ் பஸ் தரிப்புவரை வந்தாள். கெதியாய்க் கூப்பிடுகிறேன் என்று இவர் சொல்ல, வரும்போது என்ன கொண்டுவர வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள். "ஒண்டும் வேண்டாம், கருவாடு மட்டும்" என்றாராம். இதைப் பல தடவை எங்கள் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார். யாரும் கூடச் சிரிப்பதற்கு முன் தானே சிரித்து முடித்துவிடுவார்.

மொஸ்கோ, கிழக்கு பேர்லின், பிறகு கப்பல் என்று எல்லோரும் வந்த வழியாலேயே டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார். அகதி முகாமில் இருந்துவிட்டு, வதிவிட அனுமதி கிடைத்ததும் தலைநகருக்குப் பக்கத்திலுள்ள இஷொயில் எங்கள் வீட்டின் சின்ன அறைக்கு வந்தார். அப்பா அல்பேட், அம்மா அமலராணி, நான் மூவரும் அவருக்கு முன்பே குடும்பமாக வந்துவிட்டோம். எங்கள் மாடி யன்னலைத் திறந்தால் கார் தரிப்பிடம் தெரியும். அதற்கு அப்பால் இன்னொரு மாடித்தொடரின் யன்னல்கள் தெரியும். குருசுமுத்துவுக்கு அது போதுமாக இருந்தது. எது கிடைத்தாலும் போதும் என்று சொல்கிறவர் அவர். அப்படிப்பட்டவர்களை நல்லவர்கள் என்று சொல்லும் பழக்கம் எங்கள் சனத்திடம் இருக்கிறது.

87ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மேரிகிறேஸை அழைப்பதற்கு விண்ணப்பம் போட்டார். சட்டப்படி அவருக்கு அந்த உரிமை இருந்தது. அதே காலத்தில், இலங்கைத் தமிழர் மனைவி பிள்ளைகளை அழைக்கப் போட்ட விண்ணப்பங்களைத் தொடாமல் வைத்திருக்கும்படி நீதியமைச்சின் மேலிடத்திலிருந்து சொல்லியாகிவிட்டது. இது பிறகு நாடே அறிந்த கதை. அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தபால் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

இதற்கிடையில் நகரசபை அவருக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தது. இஷொய்க்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் கைவிடப்பட்ட பழைய பால் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று இருந்தது. அதை ஹென்னிங் என்ற டேனிஷ்காரர் வாங்கித் தன் கார்களுக்கான பட்டறையாக்கியிருந்தார். சீமெந்துக் குழாய் விற்றுப் பணக்காரரானவர். முதலாம் உலகப் போருக்கு முன்னர் பிரபுக்களுக்கென்று செய்த கார்கள் மூன்று அவரிடம் இருந்தன. ஒன்றில் பூ வைக்க வெள்ளிக் குவளை. பின்னாலிருக்கும் சீமாட்டி சாரதிக்குக் கட்டளை சொல்ல ஓர் ஊதுகுழல். மழை பெய்தால் அந்தக் கார்கள் வெளியே வராது. காற்றடித்தாலும் வராது. டென்மார்க்கில் மழையும் காற்றும் இல்லாத நாட்களைத் தெரிந்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு காரின் பின்பக்க ஸ்பிறிங் பிளேட்டுகள் பழுதாகிவிட, ஹென்னிங் புதிதாக அடிப்பித்துப் போட்டார். அவருடைய பழங்கார்ச் சங்கத்துக்காரர் இங்கிலாந்திலும் இருந்தார்கள். அவர்கள், பழைய இரும்பின் உறுதி புதிய இரும்புக்கு வராது என்று நக்கலடித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பெரிய கார்களைச் செய்தவர்கள் ஒவ்வொரு பாகத்தையும் தொழிற்சாலைக்குள்ளேயே முறியும்வரை குலுக்கிப் பார்த்துத்தான் விற்றார்களாம். வீதியில் பல வருடம் படும் அடியைச் சில வாரங்களில் கொடுத்துப் பார்ப்பதற்கு ஓர் இயந்திரம் வைத்திருந்தார்களாம். ஹென்னிங்கும் அப்படி ஒன்றைச் செய்வித்தார்.

நான் ஒரு முறை அப்பாவோடு போய்ப் பார்த்தேன். தரையில் இரண்டு பெரிய இரும்புருளைகள். அவற்றின் மேல் முட்டு முட்டாக இரும்புக் கட்டைகள் பூட்டியிருந்தன. காரின் மேற்கூடு இல்லாத சட்டத்தைச் சங்கிலியால் கட்டி, பின்சில்லுகள் உருளையில் படும்படி நிறுத்தியிருந்தார்கள். மோட்டாரைப் போட்டால் உருளை சுற்றும், சில்லு துள்ளும், கார் இருந்த இடத்திலேயே நின்று குதிக்கும். பிரபுவும் சீமாட்டியும் இருக்க வேண்டிய இடத்தில் மணல் மூட்டைகள். சத்தத்தில் பல் கிட்டியது.

"ஊரில ஒரு தண்ணிப் பவுசரை இப்பிடிக் குலுக்க வேண்டாம். மன்னார் றோட்டில ஒருக்கா ஓட்டினாக் காணும்" என்றார் அப்பா.

குருசுமுத்து அந்த இயந்திரத்துக்குக் காவல். மூட்டுகளுக்கு எண்ணெய் விடுவார். அவ்வப்போது நிறுத்தி, பிளேட்டுகளை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, மேலே சோக்குத் தூள் பூசுவார். வெடிப்பு ஏதும் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும். இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. குருசுமுத்துவிடமும் பெரிய வித்தை இல்லை. பேசாலையில் வள்ள எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தவர், அதிலும் இவர் திருத்திய எஞ்சின் திரும்பவும் இவரிடமே வரும் என்று அந்த ஊர்க்காரர் சொல்வார்கள்.

88ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த திங்கட்கிழமை சங்கத்துக்காரர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதுவரை ஒரு நாளும் விடாமல் இயந்திரம் ஓடும் என்று ஹென்னிங் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு நாள் விட்டால் இரும்புக்கு என்ன குறையும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அது வீம்பு. பணக்காரருக்கு வீம்பு வந்தால் அதைப் பரிசோதனை என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹென்னிங்கே நின்று ஓட்டினார். பெரிய வெள்ளிக்கு மட்டும் அவர் குடும்பத்தோடு கடற்கரையிலுள்ள கோடைவீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

இங்கே மன்னார்க் கத்தோலிக்கரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய வெள்ளியன்று அவர்கள் இரும்படிக்க மாட்டார்கள். ஆண்டவருக்கு ஆணி அறைந்த நாள். தச்சன் சுத்தியலைத் தொட மாட்டான். கரையில் வள்ளத்துக்கு ஒரு ஆணி கழன்றிருந்தாலும் சனி பூசை முடியும்வரை அப்படியே கிடக்கும். கோயில் மணிகூட அடிக்காது, மரக்கட்டையைத் தட்டித்தான் சனத்தைக் கூப்பிடுவார்கள்.

குருசுமுத்து தனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில் ஹென்னிங்கிடம் இதைச் சொன்னார்.

"வெள்ளி வர முடியாது. இரும்பு அடிக்கக் கூடாத நாள்."

"உன்னை யார் அடிக்கச் சொன்னது? இயந்திரம் அடிக்கும். நீ பார்த்துக்கொண்டு இரு" என்றார் ஹென்னிங். பிறகு தோளில் தட்டி, "திங்கட்கிழமை நாடாளுமன்றத்திலுள்ள என் நண்பர் ஒருவர் வருகிறார். உன் மனைவியின் விஷயத்தைச் சொல்லலாம். உன்னை அவருக்குக் காட்டுகிறேன்" என்றார்.

அந்தக் கடைசி வசனத்துக்காகக் குருசுமுத்து போனார். பெரிய வெள்ளி முழுவதும் யாருமில்லாத பால் தொழிற்சாலைக்குள் கார் குதித்தது. இவர் சத்தத்துக்கு மேலால் சிலுவைப்பாதை செபங்களைச் சொல்லிக்கொண்டு சோக்குத் தூள் பூசினார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா நோன்புக் கஞ்சியோடு குசினியில் நின்றார்.

"எங்க போட்டு வாறியள் அண்ணை?"

"வேலைக்கு, தங்கச்சி."

"இண்டைக்கோ?"

"ஓம்."

"அந்தத் தட்டுற மெசினுக்கோ?"

குருசுமுத்து கஞ்சிக்குக் கோப்பை எடுத்தார்.

"விடுமப்பா," என்றார் அப்பா. "அது லூத்தரன் மெசின். அதுக்குப் பெரிய வெள்ளி கிடையாது."

"நீங்கள் வாயை மூடுங்கோ. இரும்பு இரும்புதான்."

திங்கட்கிழமை குருசுமுத்து அப்பாவின் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு போனார். 'என் மனைவி இலங்கையில் இருக்கிறாள், விண்ணப்பம் போட்டிருக்கிறேன், தயவுசெய்து உதவுங்கள்' என்று மூன்று வசனங்களை என்னிடம் டேனிஷில் கேட்டுப் பாடமாக்கியிருந்தார். நாடாளுமன்ற நண்பர் வந்து கை குலுக்கினார். இந்த நாடு உமக்குக் குளிராக இருக்கிறதா என்று கேட்டார். குருசுமுத்து வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஹென்னிங் விருந்தினருக்காக இயந்திரத்தைப் போட்டார். குருசுமுத்து மூன்று வசனத்தையும் சொல்லி முடித்தார். நண்பர் தலையை ஆட்டிச் சிரித்தார். ஒரு சொல்லும் கேட்டிருக்காது. பிறகு இயந்திரத்தை நிறுத்தி, சோக்குப் பூசி, கறுப்புக் கோடு ஒன்றுமில்லை என்று காட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மீன் துண்டு வைத்த பாணும் சாராயமும் பரிமாறினார்கள். குருசுமுத்துவும் கை தட்டியதாகச் சொன்னார். எனக்கு அந்த நண்பரை விட, ஹென்னிங்கை விட, அந்தக் கை தட்டல்தான் அருவருப்பாக இருக்கிறது.

கோடை போனது, தபால் வரவில்லை. பிறகொரு நாள் கேட்டதற்கு, சொல்லியிருக்கிறேன், இதெல்லாம் நேரமெடுக்கும் என்றார் ஹென்னிங்.

இஷொயிலும் புரொண்பியிலும் அல்பர்ட்ஸ்லுண்டிலும் எங்கள் ஆட்களில் யாருடைய மனைவியும் வரவில்லை. எல்லோருடைய விண்ணப்பமும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் காரணம் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். எங்கள் ஆட்கள் கண்டுபிடித்தது வேறு. சைவக்காரர் ஒவ்வொருவரும் ஊருக்குச் சாதகத்தை அனுப்பி ஏழரைச் சனி என்று அறிந்துகொண்டார்கள். கத்தோலிக்கர் தங்கள் பாவங்களைத் தேடினார்கள். வெள்ளிக்கிழமைச் செபமாலைக் கூட்டத்தில் என் அம்மா குருசுமுத்துவின் பாவத்தைத் தேடிக் கொடுத்தார்.

"பெரிய வெள்ளி இரும்படிச்சால் வேறென்ன நடக்கும்? வாற மனுசியை வழியில மறிச்சது நீங்கள்தான் அண்ணை."

"அப்ப சபாரத்தினம்?" என்று அப்பா கேட்டார். சபாரத்தினம் எங்கள் கீழ்மாடிக்காரர், சைவம். "அவற்ற மனுசியும்தான் வரேல்லை. அவர் ஆருக்கு ஆணி அறைஞ்சவர்?"

"அது அவையின்ர சனி. இது எங்கட விசயம்."

குருசுமுத்து பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். கோயிலில் இருந்த போலந்துக் குருவானவர், மகனே, இது பாவமே இல்லை, சமாதானமாய்ப் போ என்றார். இவர் அதை நம்பவில்லை. மன்னிப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் எங்கள் சனத்துக்குச் சந்தேகம் வந்துவிடும். ஹென்னிங்கின் வேலையை விட்டார். அது போதாது என்றார் அம்மா. ஒறுத்தல் என்றால் உயிருக்கு இனியதை விட வேண்டும்.

அவர் உயிருக்கு இனியது மேரிகிறேஸின் குரல். அந்தக் காலத்தில் எல்லோரும் கசெற்றில் பேசித்தான் அனுப்பிக்கொண்டார்கள். கடிதத்தை விட அது வாய்க்கு வசதி. மாதத்துக்கு ஒன்று வரும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போடுவார், ஆனால் அந்தக் கதவுக்குச் சத்தத்தை மறிக்கத் தெரியாது. கோழி கொக்கரிக்கும். கடல் இரையும். "இந்த மனுசன் என்ன கேட்டாலும் ஓம் ஓம் எண்டுதான் பதில் அனுப்பும்" என்று அவள் யாரிடமோ சொல்வது கேட்கும். இவர் திரும்பத் திரும்பப் போடுவார். பிறகு ஒரு பின்னேரம் முழுக்க இருந்து பதில் பேசிப் பதிவார்.

88ஆம் ஆண்டு முடியும்போது நேர்த்தி வைத்தார். அனுமதி வரும்வரை அவளுக்குக் கசெற் அனுப்புவதில்லை. அவளிடமிருந்து வருவதைக் கேட்பதுமில்லை.

நான் அம்மாவிடம் டேனிஷில் கேட்டேன், இது அவவுக்குத் தெரியுமா என்று. அம்மா தமிழில் பதில் சொன்னார்.

"ஒறுத்தலைச் சொல்லிக்கொண்டு செய்யிறதில்லை. வலது கை செய்யிறது இடது கைக்குத் தெரியக்கூடாது. சொன்னால் நேர்த்தி போச்சு."

"அவ பயப்பட மாட்டாவா?"

"நீ படிக்கிற வேலையைப் பார்."

வந்த கசெற்றுகளைக் குருசுமுத்து பிரிக்காமல் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அவற்றை வீட்டிலிருந்த மாதா சுரூபத்துக்குப் பின்னால் அடுக்கினார். நான்கைந்து வந்தன. பிறகு வருவது நின்றது. அம்மா அதையும் நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டார். மேரிகிறேஸும் ஏதோ நேர்த்தி வைத்திருக்கிறாளாம்.

89இல் விஷயம் பத்திரிகைகளில் வெளிவந்தது. அமைச்சர் போனார். தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கின. சபாரத்தினத்தின் மனைவி வந்தார், அவருடைய ஏழரைச் சனி முடிய இன்னும் காலம் இருந்தபோதே. குருசுமுத்துவின் முறை 90ஆம் ஆண்டு கோடையில் வந்தது. தபால்பெட்டியிலிருந்து அனுமதியை எடுத்துக்கொண்டு, செருப்புக் கழன்றதும் தெரியாமல் மாடிப்படியால் ஓடிவந்தார். அம்மா முழங்காலில் நின்றார்.

அன்றைக்கே சுரூபத்தின் பின்னாலிருந்த கசெற்றுகளை எடுத்து வரிசையாகப் போட்டார்கள். எல்லோரும் இருந்து கேட்டோம். முதலாவதில் மேரிகிறேஸ் வழமைபோல அயல் சண்டையெல்லாம் சொன்னாள். இரண்டாவதில், கசெற் ஏன் வரவில்லை, சுகமில்லையா என்று கேட்டாள். மூன்றாவதில் கோபம். "அங்க ஆரையும் பாத்திட்டீங்களெண்டால் சொல்லுங்கோ, நான் ஒண்டும் கத்த மாட்டன்." கடைசிக் கசெற்றில் வெகு நேரம் கடல் மட்டும் இரைந்தது. பிறகு, "உங்களுக்கு என்ன நடந்தது எண்டு தெரிஞ்ச ஆராவது இதைக் கேட்டால் எனக்கு ஒரு சொல்லு அனுப்புங்கோ" என்றாள்.

குருசுமுத்து உடனே பதில் பேசி அனுப்பினார். அது போய்ச் சேரவில்லை. திரும்பவும் சண்டை தொடங்கி, மன்னார்க் கரையிலிருந்து சனம் வள்ளங்களில் இராமேஸ்வரத்துக்கு ஓடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. மேரிகிறேஸ் ஏதோ ஒரு வள்ளத்தில் போய்விட்டாள் என்பது மட்டும் பிறகு தெரிந்தது. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதினார். மண்டபம் முகாமின் குருவானவருக்கு எழுதினார். குருசுமுத்து மனைவி மேரிகிறேஸ் என்று அங்கே யாரும் பதிவில் இல்லை என்று பதில் வந்தது.

93 ஜனவரியில், விண்ணப்பங்களை முடக்கியது பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்து பிரதமர் பதவி விலகினார். எங்கள் வரவேற்பறையில் ஆட்கள் நிறைந்து தொலைக்காட்சி பார்த்தார்கள். தமிழர் விவகாரம் என்று டேனிஷ்காரர் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவர்கள் பேசியது முழுக்கத் தங்கள் அமைச்சர்களைப் பற்றித்தான். அப்பா குருசுமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீரோ குருசு? நீர் பெரிய வெள்ளி இரும்படிச்சு ஒரு அரசாங்கத்தையே விழுத்திப்போட்டீர்!"

எல்லோரும் சிரித்தார்கள். குருசுமுத்துவும் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "அந்த மந்திரியைக் கொண்டு ஆண்டவர் தண்டிச்சவர். ஆர் கையால அடிச்சாலும் அடி அடிதான்" என்றார். ஆயிரக்கணக்கான பக்கங்களில் நீதிபதிகள் எழுதியதை அம்மா ஒரு வசனத்தில் தள்ளுபடி செய்தார். குருசுமுத்து அதற்கும் தலையாட்டினார். தனக்கு அநியாயம் நடந்தது என்று நம்புவதற்கு மனிதனுக்குக் கொஞ்சம் கர்வம் வேண்டும். இவரிடம் அது ஒரு துளியும் இல்லை. பணிவு என்று இதைப் பாராட்டி அவரைக் கோயில் பங்குச் சபையில் சேர்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அல்பர்ட்ஸ்லுண்டில் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை, அங்கேயே ஒற்றை அறை வீடு. தேடுவதை ஒரு கட்டத்தில் விட்டார். காத்திருப்பதை விடவில்லை. பங்குத்தந்தை அவருடைய பொறுமையைப் பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னாராம். ஹென்னிங் இறந்துபோய், அவருடைய கார்கள் ஒரு காட்சிச்சாலைக்குப் போயின. அந்த ஸ்பிறிங் பிளேட்டுகள் கடைசிவரை ஒரு குழியிலும் விழுந்ததில்லை. இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரன் ஏற்றிக்கொண்டு போனான்.

இரண்டு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டுப் போன மாதம், 1999 மார்ச்சில், நான் இஷொய்க்குத் திரும்பினேன். அந்த ஞாயிறு குருசுமுத்து வழமைபோலப் பூசை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. "பிள்ளை மெலிஞ்சு போச்சு" என்றார். ஆள் இல்லாத நேரம் குரலைப் பதிந்து வைக்கும் தொலைபேசியின் சிவப்பு வெளிச்சம் மின்னிக்கொண்டிருந்தது. நாங்கள் கோயிலில் நின்ற நேரம் யாரோ எடுத்திருக்கிறார்கள். அம்மா கறிச்சட்டியோடு போகிற போக்கில் பொத்தானை அமத்தினார். குருசுமுத்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ, அமலராணி அக்காவோ? ஏதோ அந்த நாட்டுப் பாசையில சொல்லிச்சுது. கதைக்கலாமோ? நான் பேசாலை மேரிகிறேஸ், அக்கா. குருசுமுத்துவின்ர மனுசியாயிருந்தவள். பேசாலை ஆள் ஒருத்தரிட்டத்தான் உங்கட நம்பர் எடுத்தனான். இப்ப திருச்சியில இருக்கிறன். முகாமில விதவை எண்டுதான் பதிஞ்சனான். ஒண்டரை வருசமா ஒரு சத்தமும் இல்லாட்டி வேறென்ன அக்கா நினைக்கிறது? நான் நல்லாத்தான் இருக்கிறன். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். மூத்தவளுக்குப் பாஸ்கு முடிஞ்சு கோயில்ல முதல் நன்மை குடுக்கினம். இப்ப இருக்கிற மனுசனோட கலியாணத்தைக் கோயில்ல எழுத வேணுமெண்டால் முந்தின மனுசன் செத்த பத்திரம் வேணுமெண்டு சாமியார் நிக்கிறார். அவர் உங்கட வீட்டிலதானே இருந்தவர். எந்தக் கோயில்ல அடக்கம் பண்ணினது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. கேட்டு ஒண்டு எடுத்து அனுப்பிவிடுங்கோ அக்கா. ஒரு மெழுகுதிரியும் என்ர பேரில கொளுத்திவிடுங்கோ. வைக்கிறன், காசு ஓடுது."